ஆண்டு வருமானம் முப்பத்தொரு யூரோ

1

என் வலைப்பதிவுக்கு இந்த வாரத்தோடு எட்டு வயது முடிகிறது. தளத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனம் பலூன் படம் போட்டு வாழ்த்து அனுப்பியிருக்கிறது. வாழ்த்துக்குக் கீழே அடுத்த வருடத்துக்கான பில், அறுபது யூரோ. போன வருடம் முழுக்க அந்தப் பதிவில் ஓடிய விளம்பரங்கள் எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தது முப்பத்தொரு யூரோ. நான் இருக்கும் காசெல் நகரத்தில் அதைக் கொண்டு ஒருவன் இரண்டு தடவை முடிவெட்டிக்கொள்ளலாம், பேரம் பேசினால்.

ஊரிலிருந்து எனக்கு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, பிளாக் எழுதி எவ்வளவு சம்பாதிக்கலாம்?" இதுவரை மழுப்பலாகவே பதில் சொல்லி வந்தேன். இங்கே நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த மழுப்பலால் ஒரு குடும்பத்தில் நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பதிவு, வீட்டு மோட்டார்களைப் பற்றியது. கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி., ஒரு எச்.பி. மோட்டார்கள். ஏன் சூடாகிறது, ஏன் இரைகிறது, ஏன் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. இதையெல்லாம் தேடி வருகிறவன் வாளியோடு நிற்கிறவன். வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை, மனைவி கத்துகிறாள், கையில் கிரீஸ். அவன் அரை நிமிடம் படிப்பான், காரணத்தைக் கண்டுபிடிப்பான், ஓடிவிடுவான். அவனுக்குப் பக்கத்தில் விளம்பரக் கம்பெனி வைர நெக்லஸ் படத்தைக் காட்டுகிறது. அவன் அதை அழுத்துவான், எனக்குக் காசு வரும் என்று எட்டு வருடமாக எதிர்பார்த்திருக்கிறேன். என் புத்தியின் அளவு இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2

என் மனைவி மெர்சி நர்ஸ். அருமனைப் பக்கத்துக்காரி. ஜெர்மன் படித்துப் பரீட்சை எழுதி இங்கே வேலைக்கு வந்தவள் அவள். எட்டு மாதம் கழித்து நானும் நாலு வயது மகள் ஜெனியும் விமானம் ஏறினோம். விசாத் தாளில் எங்கள் இருவருக்கும் ஒரே தகுதிதான் போட்டிருந்தது: சார்ந்திருப்பவர்.

அதற்கு முன் பதினோரு வருடம் தக்கலையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. இங்கே எரிந்த மோட்டாரை யாரும் சுற்றுவதில்லை, தூக்கி எறிகிறார்கள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் அரை நாள் ரிப்பேர் வேலை கிடைத்தது பின்னால்தான். எனவே முதல் இரண்டு வருடம் நான் சமைத்தேன், துணி துவைத்தேன், பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுக் கூட்டி வந்தேன். மிச்ச நேரத்தில் மொழி வகுப்பு. அதுவும் முடிந்தால், ஜன்னல் வழியே சாம்பல் நிறத்தில் ஒரு வானம்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் யூட்யூபில் ஒருவனைப் பார்த்தேன். பின்னால் ஒரு வாடகைக் கார், முன்னால் ஒரு மடிக்கணினி. "உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சின்னத் துறையைப் பிடியுங்கள். அங்கே நீங்கள்தான் ராஜா" என்றான். நான் மோட்டாரைப் பிடித்தேன். முக்கியச் சொல்லை ஒரே பதிவில் பதினைந்து தடவை போட்டால் தேடலில் முதலில் வரும் என்று இன்னொரு அறிவாளி சொன்னான். அதையும் செய்தேன். "வீட்டு மோட்டார் வைத்திருக்கும் வீட்டு மோட்டார் உரிமையாளர்கள் வீட்டு மோட்டாரை" என்று ஆரம்பிக்கும் என் பதிவு ஒன்று இன்னும் இணையத்தில் கிடக்கிறது. படித்துவிட்டு என் முகத்தில் துப்பலாம்.

3

இந்த நாட்டில் ஒரு ரூபாய் சம்பாதிப்பதானாலும் அரசாங்கத்திடம் சொல்லிவிட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும். விளம்பரம் போட்டால் அது தொழில். தொழிலென்றால் பதிவு செய்ய வேண்டும். தொழிலுக்கு ஜெர்மனில் 'கெவெர்ப'. மசாலாவுக்கு 'கெவூர்ட்ஸ்'. நகராட்சி அலுவலகத்தில் வரிசை எண் வாங்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, வீட்டில் மனப்பாடம் செய்த வாக்கியத்தைக் கவுண்டரில் சொன்னேன்: "நான் ஒரு மசாலாவைப் பதிவு செய்ய விரும்புகிறேன்."

கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, சிரிக்காமல், "எந்த மசாலா?" என்று கேட்டாள்.

பதிவுக் கட்டணம் அந்த வருட வருமானத்தைவிட அதிகம். பிறகு வரி அலுவலகத்திலிருந்து பல பக்கத்துக்கு ஒரு படிவம் வந்தது. எத்தனை ஊழியர்கள், எத்தனை கிளைகள், எதிர்பார்க்கும் லாபம் எவ்வளவு. மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றிலும் சைபர் போட்டேன். வரியே கட்ட வேண்டாம் என்று ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிச்சைக்காரனுக்கு வருமானச் சான்றிதழ் கொடுத்த மாதிரி அதையும் பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஜெனிக்கு இப்போது பதினாலு. வீட்டுக்குள்ளும் ஜெர்மன்தான். தமிழ் புரியும், பேசினால் வாக்கியம் பின்னால் இருந்து ஓடும். ஒருநாள் என் பதிவை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, மோட்டார் மூச்சை வாங்குது, எழுதியிருக்கீங்க. எந்தக் கடையில?"

மூச்சு வாங்குவது என்றால் என்ன என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். போகும்போது, "என் ஃபிரெண்ட்ஸ்கிட்ட இது சொல்ல வேண்டாம், ப்ளீஸ்" என்றாள். சொல்வதற்கு நானும் யாரையும் தேடிக்கொண்டிருக்கவில்லை.

4

பொய்யை நான் சொன்னது முதல் தடவை ஊருக்கு விடுமுறையில் போனபோது. மாமனார் வீட்டில் விருந்து. மாமாவுக்கு அருமனையில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. சொல்லும் சொல்லுக்கு ஊரில் மதிப்பும் உண்டு. சாப்பிட உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் என்னைக் காட்டி அவரிடம் கேட்டார்.

"மருமவன் அங்க என்ன பாக்காரு?"

மாமா தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் யாரும் ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்து நான் பார்த்ததில்லை. நான் சொல்லிவிட்டேன்.

"ஆன்லைன்ல எழுதுதேன். வெளம்பரத்துல நல்ல வருமானம் உண்டு."

தம்ளர் கீழே இறங்கியது. மெர்சி மீன் குழம்போடு எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பொய் தன்பாட்டுக்கு வளர்ந்தது. இரண்டு வருடத்தில் மாமா வீட்டுக்கு மேலே மாடி எழுப்பினோம். பணம் முழுக்க மெர்சி சம்பளம், ஓவர்டைம் உட்பட. ஊரில் அதற்கு வேறு பெயர் வந்தது: "மாப்பிள்ள கம்ப்யூட்டர்ல எழுதிக் கெட்டுன மாடி." போனில் அதைக் கேட்டபோது நான் மறுக்கவில்லை. மெர்சியும் மறுக்கவில்லை. அது எனக்கு அவள் கொடுத்த சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

5

போன விடுமுறைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கினோம். மெர்சியின் தம்பி எட்வின் யாரிடமோ கார் கேட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். முப்பத்திரண்டு வயது, மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. தக்கலையில் ஒரு பிளம்பிங் சாமான் கடையில் கவுண்டரில் நின்றவன். எந்தப் பைப்புக்கு எந்த இணைப்பு என்று அளவுகோல் இல்லாமல் சொல்லுவான். வழியெல்லாம் அவனுக்குள் ஏதோ குதித்துக்கொண்டிருந்தது. அருமனைக்குத் திரும்பாமல் தக்கலை வரை ஓட்டிக் காரை ஓரம் கட்டினான்.

"அத்தான், அங்க பாருங்க!"

பெரிய ஃபிளெக்ஸ் பேனர். 'எழுதுங்கள், உறங்குங்கள், சம்பாதியுங்கள்!' என்று மேலே. நடுவில் நீலக் கோட்டுப் போட்ட ஒருவர், நாகர்கோவிலில் பிளாக் எழுத வகுப்பு எடுக்கிறவராம். அவருக்கு வலது பக்கம் நான். என் கல்யாணப் படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி, யாருடைய உடம்பிலோ ஒட்டி, டை கட்டிவிட்டிருந்தார்கள். கீழே: 'ஜெர்மனி வாழ் சாதனைப் பதிவர்.'

"சனிக்கிழம கூட்டம். நீங்க வாறதா சாருட்ட சொல்லியாச்சு. படம் நான்தான் குடுத்தேன். பீஸ்ல கொறச்சாரு."

"உனக்கு எதுக்குடே பீஸு?"

"நான் கடைய விட்டு எட்டு மாசமாச்சு அத்தான். இப்பம் மூணு பிளாக்கு ஓட்டுதேன்."

பின் சீட்டில் மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த மூன்றையும் மறுநாள் பார்த்தேன். ஒன்று காட்டுத்தேனின் நன்மைகள், யாரோ எழுதியதை வரிசை மாற்றிப் போட்டது. இன்னொன்று வேலைவாய்ப்புச் செய்திகள், எழுதியவனுக்கே வேலை இல்லை. மூன்றாவது பத்மநாபபுரம் அரண்மனை பற்றி. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது ஒருமுறை உள்ளே போனவன், வாரம் ஐந்து பதிவு எழுதியிருந்தான். அருவருப்பாக இருந்தது. இவ்வளவு முட்டாளா இவன் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஒரு பைசா வராமல் ஒருவன் எப்படி நம்பிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். எட்டு வருடம் இருந்தவன்தான் அப்படி நினைத்தேன்.

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அறுபது பேர் இருப்பார்கள். கல்லூரி முடித்த பெண்கள், வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பியவர்கள், ஓய்வு பெற்ற இரண்டு பேர். நீலக் கோட்டு சார் அந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றவில்லை. எனக்குச் சால்வை போர்த்தி மைக்கைக் கொடுத்தார். முன்வரிசையில் எட்வின் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் சொன்னேன். "எனக்குப் போன வருசம் வந்தது முப்பத்தொரு யூரோ. நம்ம பணத்துல ரெண்டு பேரு ஓட்டல்ல நல்லா சாப்பிடலாம், அவ்வளவுதான். அந்தத் தளத்த வச்சிருக்க அதுல ரெண்டு மடங்கு செலவு. யாரும் இத நம்பி வேலய விடாதீங்க. இந்த பீஸையும் கெட்டாதீங்க."

விளம்பரக் கணக்குத் திரையைப் போனில் திறந்து முன்வரிசைக்குக் காட்டினேன். சார் புன்னகை மாறாமல் என் தோளில் கை போட்டார். மைக்கை மெல்ல என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? சாதிச்சவங்க குணம் இதுதான், தன்னடக்கம்! ஜெர்மனியில டாக்ஸ் சட்டமெல்லாம் ரொம்ப கடுமை. எல்லாத்தையும் மேடையில சொல்ல முடியாது. புரிஞ்சவங்க கை தட்டுங்க!"

தட்டினார்கள். எழுந்து நின்றும் சிலர் தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கை உயர்த்தி, "அப்பம் இங்கிலீசுல எழுதுனா கூடக் கிட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். எனக்கு அவர்கள் அத்தனை பேர் மேலும் வெறுப்பு வந்தது. உண்மையைக் காதில் ஊற்றினாலும் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற கூட்டம். ஆனால் அந்தக் கூடத்தில் ஒரே ஒருவன் கை தட்டவில்லை. எட்வினின் போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது.

6

பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கினான்.

"நிசமாட்டு முப்பத்தொண்ணுதானா அத்தான்?"

"நிசமாட்டுத்தான்."

"மாசத்துக்கா?"

"வருசத்துக்கு."

ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினான்.

"அந்த சார நான் நம்பல. அவரு யாரு எனக்கு? உங்களுக்க பேரச் சொல்லியாக்கும் நான் கடைய விட்டேன். எங்க அத்தான் மாடி கெட்டியிருக்காரு, எனக்கென்னன்னு மொதலாளிட்ட நெஞ்ச நிமித்திச் சொல்லிட்டு வந்தேன்."

மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட இப்போது நினைவில்லை. அவன் திரும்ப வண்டியில் ஏறும்போது சொன்னது நினைவிருக்கிறது.

"அப்பாட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா பைசா கிட்டாத எரிச்சல்ல பறயுதான்னு நெனப்பாரு."

அன்று சாயங்காலம் மாமா மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெர்சி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். மாமா தரையின் டைல்ஸைப் பார்த்தார்.

"அப்பம் இந்த மாடி?"

"மெர்சிக்க சம்பளம் மாமா."

"முழுசுமா?"

"முழுசும்."

"இவ்வளவு நாளு கேட்டவங்க எல்லாருட்டயும் மருமவன் கெட்டுனதுன்னு சொன்னேன். அவளுக்க பேர ஒருநாளு சொல்லல." பிறகு மகளைப் பார்த்து, "ஏட்டி, நீயாவது சொல்லப்பிடாதா?" என்றார்.

மெர்சி துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "உங்களுக்கு அவரு சொன்னதுதான் கேக்க நல்லாட்டு இருந்துதுப்பா. மவளுக்க பைசாலயாக்கும் மாடின்னு சொல்ல உங்களுக்கும் நாணமாத்தான இருந்திருக்கும்?"

மாமா எழுந்து கீழே போனார். படியில் அவர் கை சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவதைப் பார்த்தேன். மெர்சி அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கட்டா? ஜெனிக்கு நிமோனியா வந்துதே, நான் ஒரு நாளு லீவு போடல. நீங்க இருந்தியன்னுதான் நான் டூட்டிக்குப் போனேன். சோறு பொங்கி வச்சிய, அவள எடுத்துட்டு நடந்திய. எனக்கு ஒதவுனது அதாக்கும். அண்ணைக்கு விருந்துல, பிள்ளையப் பாக்கேன், வீட்டப் பாக்கேன்னு சொன்னா என்ன?"

"எப்படிச் சொல்ல?"

"அதுதான். உங்களுக்கு அது கேவலம். அப்பம் அதையே சம்பளத்துக்குச் செய்யுத நான் யாரு? வயசானவங்களுக்குச் சோறு ஊட்டுதேன், துணி மாத்துதேன், குளிப்பாட்டி விடுதேன்."

துணிக்கூடையை எடுத்துக்கொண்டு அவளும் போனாள். மாடியில் நான் நின்றேன். என்னை நானே ஏசிக்கொள்வதில் எனக்குப் பழக்கம் உண்டு. இதுவரை இந்தக் குறிப்பில் நீங்கள் படித்ததெல்லாம் அந்தப் பழக்கம்தான். அன்று அதில் ஒரு வார்த்தைகூட உதவிக்கு வரவில்லை.

7

எட்வின் பழைய முதலாளியிடம் போய்க் கேட்டான். அவர் வேறு ஆள் வைத்துவிட்டார். இப்போது அருமனையில் ஒரு சின்னக் கடையில் நிற்கிறான், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. மூன்று பிளாக்கையும் அழித்துவிட்டான். நான் போன் செய்தால் எடுத்து, "சொகமா அத்தான்?" என்று கேட்டுவிட்டு மனைவி கையில் கொடுத்துவிடுகிறான். அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. நீலக் கோட்டு சார் அடுத்த வகுப்புக்கும் என் படத்தையே போட்டார். இரண்டு தடவை எழுதிக் கேட்ட பிறகு எடுத்துவிட்டு, கனடாவிலிருந்து வேறொரு தலையைக் கொண்டுவந்து அதே உடம்பில் ஒட்டியிருக்கிறார்.

எங்கள் விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனோம். முடிந்து எல்லோரும் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எழுதியே மாடி கெட்டியாச்சு! இப்பிடி ஒரு மருமவன் கிட்டணும்லா!"

மாமா ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். சுற்றிலும் இருபது பேராவது இருந்தார்கள்.

"மாடி மெர்சி கெட்டுனது. அவளுக்க சம்பளம்."

சிநேகிதர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பம் மருமவன்?"

மாமா என்னைப் பார்த்தார்.

"நான் வீட்டப் பாக்கேன்" என்றேன். "சமையலு, பிள்ளைக்க பள்ளிக்கூடம். அரை நாளு ஒரு அடுக்குமாடிக் கெட்டடத்துல ரிப்பேரு, பெருக்குத வேல."

"ஓ, அப்பிடியா" என்றார் அவர். அவர் கை என் கையை விட்டுவிட்டது. ஏதோ அவசர வேலை நினைவு வந்தவர்போல ஸ்கூட்டரைத் தேடிப் போனார். மெர்சி கொஞ்ச தூரம் முன்னால் நடந்திருந்தாள். கேட்டிருப்பாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நடையைக் குறைத்தாள்.

ஜெனி என் சட்டையை இழுத்தாள். "அந்தத் தாத்தா என்ன கேட்டாங்க?"

"அப்பா அங்க என்ன வேலை பாக்கேன்னு கேட்டாரு. சொன்னேன்."

"சமையல், ஸ்கூல், அந்தப் பில்டிங். அவ்வளவுதானே?" அவள் அவர் போன திசையைப் பார்த்தாள். "அதுக்கு ஏன் அவங்க முகம் அப்படி ஆச்சு?"

அவளுக்குப் புரிகிற ஜெர்மனில் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த தமிழிலும் யோசித்துப் பார்த்தேன். "தெரியல மக்கா" என்றேன்.